‘இயற்கை’யான இடைமுகம்: யாருடைய கை?

1

கணினிக்கும் மனிதருக்கும் நடுவே நிற்கிற பரப்புக்குத் தமிழில் ‘இடைமுகம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். விசைப்பலகை, மவுஸ், தொடுதிரை எல்லாம் இடைமுகங்கள்தாம். இவற்றுள் சிலவற்றுக்கு மட்டும் ஒரு தனிப் பட்டம் கிடைத்திருக்கிறது: ‘இயற்கையான இடைமுகம்’. கையை அசைத்தால் போதும், விரலைக் குவித்தால் போதும், வாயைத் திறந்து பேசினால் போதும், எந்திரம் புரிந்துகொள்ளும். கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, உங்கள் உடம்பே கருவி என்பது இந்தப் பட்டத்தின் பொருள். ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு நுழைகிற மெய்நிகர்ச் சூழல்களில் இந்தப் பேச்சு இன்னும் பலமாகக் கேட்கிறது. அங்கே மேசையும் விசைப்பலகையும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கையும் குரலும் பார்வையும்தான் மிச்சம்.

இந்த இடைமுகங்கள் எந்த அளவுக்குப் பயன்படத்தக்கவை என்று மதிப்பிடுவதற்கு ஒரு துறையே இருக்கிறது. அளவுகோல்கள், வினாத்தாள்கள், நியமங்கள், ஆய்வுக்கூடங்கள் எல்லாம் உண்டு. அந்த மதிப்பீட்டை மதிப்பிட்டுப் பார்ப்பதுதான் இங்கே நோக்கம். ‘இதெல்லாம் எஞ்சினியர்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு’ என்று கேட்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றை ‘இயற்கை’ என்று சொல்லும் இடத்தில் ஏதோ ஓர் அதிகாரம் தன் பெயரை மறைத்துக்கொள்கிறது என்பதைச் சாதி பற்றியும் பெண் உடல் பற்றியும் பேசும்போதெல்லாம் கண்டிருக்கிறோம். எந்திரத்தின் முன்னால் வந்ததும் அந்தச் சந்தேகத்தைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றி வைத்துவிட வேண்டுமா என்ன?

2

பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூரைத் தாண்டினால் சிறுசேரி. சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. 1989இல் திறக்கப்பட்ட பாரிஸ் பாஸ்தீய் ஆபரா அரங்கை வடிவமைத்த உருகுவே நாட்டுக் கட்டடக் கலைஞர் கார்லோஸ் ஓட்டின் வடிவமைப்பில் எழுந்த டி.சி.எஸ். வளாகம், சென்னைக் கணிதவியல் கழகம், தரவு மையங்கள் என்று ஒரு தனி உலகம். இந்தச் சாலையின் கட்டடங்களுக்குள் நடக்கிற வேலைகளில் முக்கியமான ஒன்று சோதனை. ‘டெஸ்டிங்’ என்றால் இங்கே டீக்கடையில்கூடப் புரியும். எங்கோ ஒரு வங்கிக்கோ காப்பீட்டுக் கம்பெனிக்கோ எழுதப்பட்ட மென்பொருள் சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்த்து ‘பாஸ்’ அல்லது ‘ஃபெயில்’ போடுகிற வேலை. எது சரி என்கிற வரையறை வேறெங்கோ எழுதப்பட்டுவிடும். அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மட்டும் இங்கே.

அதே சாலையில் தெற்கே போனால் திருப்போரூர், அப்புறம் மாமல்லபுரம். 1957இல் தொடங்கப்பட்ட அரசு சிற்பக் கல்லூரியும், சாலையோரம் வரிசையாகக் கல்பட்டறைகளும் அங்கே இருக்கின்றன. கிழக்கே கடற்கரையில் கோவளம் மீனவர் குப்பம். இன்னும் கொஞ்சம் தள்ளி வடநெம்மேலியில், 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். உளியைப் பிடிக்கிற கை, வலையை இழுக்கிற கை, புற்றுக்குள் நுழைகிற கை. கையின் அறிவை நம்பிப் பிழைக்கிற ஜனங்கள். கைதான் இனி இடைமுகம் என்று அறிவிக்கிற தொழிலும் கையால் பிழைக்கிற இந்த ஜனங்களும் ஒரே சாலையில் இருக்கிறார்கள். மதிப்பீடு என்று வரும்போது இதில் எந்தக் கையிடம் கேட்கிறார்கள்? பிரச்சினை இங்கிருந்து தொடங்குகிறது.

3

கொஞ்சம் வரலாறு. தலையில் மாட்டிக்கொண்டு கணினி வரைந்த உருவங்களுக்குள் பார்க்கிற கருவியை ஐவன் சதர்லண்ட் 1968இல் காட்டினார். கூரையிலிருந்து தொங்கிய அந்தக் கருவிக்கு ‘டமோக்ளீஸின் வாள்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. தலைக்கு மேல் கத்தி தொங்குகிற மாதிரி என்று அர்த்தம். இயற்கையான இடைமுகம் என்ற பேச்சுக்கு மூலபாடமாகச் சொல்லப்படுவது இன்னொன்று. 1980இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் போல்ட் வெளியிட்ட ஆய்வு. ‘அதை அங்கே வை’ என்பதே அதன் பெயர். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எதிரே சுவரளவு திரை. கையை நீட்டி ‘அதை’ என்கிறார். கையை நகர்த்தி ‘அங்கே’ என்கிறார். திரையில் இருந்த வட்டமோ சதுரமோ இடம் மாறுகிறது. பேச்சும் சுட்டுதலும் ஒன்று சேர்ந்த கணம் என்று இதைக் கொண்டாடுகிறார்கள்.

தொழில்நுட்பமாக அது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காட்சியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல், விரலை நீட்டி, பெயர்கூடச் சொல்லாமல் ‘அதை அங்க வை’ என்று நம் ஊரில் யார் யாரிடம் சொல்லியிருக்கிறார்கள்? திண்ணையில் உட்கார்ந்த பண்ணையார் சொல்லியிருக்கிறார். ஈஸிசேரில் சாய்ந்த புருஷன் சொல்லியிருக்கிறார். ‘இயற்கை’ என்று இங்கே முன்வைக்கப்படுவது உடம்பின் இயற்கை அல்ல. ஏவலுக்கு ஆள் வைத்திருப்பவரின் பழக்கம்.

தமிழில் இந்த வாக்கியத்தை எந்திரத்துக்குச் சொல்ல முயன்றால் விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். ‘வை’ என்பதா? ‘வையுங்கள்’ என்பதா? ‘வைங்க’, ‘வையி’, ‘வைப்பா’, ‘வைடா’, ‘வைடி’? ஆங்கிலத்தில் ஒரே வினையில் முடிந்துபோகிற ஏவல் தமிழில் வயதையும் பாலையும் சாதியையும் கூலியையும் சுமந்துகொண்டுதான் வாயிலிருந்து வெளியே வருகிறது. யாருக்கு என்று தீர்மானிக்காமல் தமிழில் ஓர் ஏவலும் சாத்தியமில்லை. கூகுள் நிறுவனம் 2017 ஆகஸ்டில் தமிழ் உள்ளிட்ட 8 இந்திய மொழிகளைக் குரல்வழித் தேடலில் சேர்த்தது. அப்போதிலிருந்து இந்தக் கேள்வி நம் ஒவ்வொருவர் வாயிலும் நடைமுறைக் கேள்வியாகிவிட்டது. எந்திரத்தை வேலைக்காரனாகக் கற்பனை செய்துகொள்வதா, அண்ணாச்சியாக மதிப்பதா? குரல் இடைமுகம் ‘உள்ளூர்மயம்’ ஆனதாகச் சொல்கிறவர்கள் சொற்களை மொழிபெயர்த்திருக்கலாம். சொல்லுக்குள் இருக்கிற உறவை மொழிபெயர்க்க இயலுமா என்று கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

4

வரலாற்றில் உருவானதை எப்போதும் இருந்ததாகக் காட்டுவதே நவீன தொன்மத்தின் வேலை என்பதை ரோலான் பார்த் 1957இல் ‘தொன்மவியல்கள்’ நூலில் விளக்கினார். அதற்கும் முன்பே, 1934இல், மார்சல் மாஸ் என்ற மானுடவியலாளர் உடலின் உத்திகள் பற்றிப் பேசும்போது நடப்பது, நீந்துவது, உட்காருவது எல்லாமே ஒரு சமூகம் சொல்லிக்கொடுத்துப் பழகியவை என்றார். சம்மணம் போட்டு உட்காருவது நமக்கு இயல்பு. நாற்காலியில் வளர்ந்த முழங்காலுக்கு அது தண்டனை.

கணினித் துறைக்குள்ளேயே இந்தக் குரல் எழாமல் இல்லை. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விளையாடுகிறவரின் உடம்பையே கருவியாக்குகிறோம் என்று விளம்பரம் செய்து கினெக்ட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 2010 நவம்பரில். அதே ஆண்டில் டொனால்ட் நார்மன், இயற்கையான இடைமுகங்கள் இயற்கையானவை அல்ல என்று தலைப்பிட்டே எழுதினார். எந்தச் சைகைக்கு என்ன பலன் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே அதைக் கற்கத்தான் வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். நம் தலையாட்டலையே எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் லேசாக ஆட்டினால் சரி என்றும் பொருள், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் பொருள், பார்க்கலாம் என்றும் பொருள். தலையசைவை ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டாகப் பிரிக்கிற எந்திரத்துக்கு இது மூன்றுமே பிழை.

நம் இலக்கணக்காரர்கள் இதற்கு நல்ல கருவி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு சொற்கள் சேரும்போது எந்த மாற்றமும் நிகழவில்லை என்றால் அது இயல்பு புணர்ச்சி. மாற்றம் நிகழ்ந்தால் விகாரப் புணர்ச்சி. விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். உடம்பும் எந்திரமும் சேருகிற இடத்தில் இயல்பு புணர்ச்சி நடப்பதாக விளம்பரம் சொல்கிறது. நடப்பது மூன்று விகாரங்களும்தான். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காற்றில் கிள்ளுகிற சைகை, எந்த ஊரிலும் ‘தேர்ந்தெடுக்கிறேன்’ என்று பொருள்படாதது, புதிதாகத் தோன்றுகிறது. எந்திரத்துக்குப் புரியட்டும் என்று ஒருவர் தன் வட்டாரப் பேச்சை விட்டு ரேடியோச் செய்தி மாதிரி பேச ஆரம்பிக்கும்போது குரல் திரிகிறது. தொட்டால் தெரிய வேண்டிய கனமும் சூடும் சொரசொரப்பும் கெடுகின்றன. பயன்படுதன்மை மதிப்பீடு என்பது இந்த மூன்று விகாரங்களையும், அவற்றின் சுமை யார் உடம்பில் இறங்குகிறது என்பதையும் கணக்கெடுக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கிறது?

5

பயன்படுதன்மைக்கான சர்வதேச வரையறை ஐ.எஸ்.ஓ. 9241 நியமத்தின் 11ஆம் பகுதியில் இருக்கிறது. 1998இல் வந்து 2018இல் திருத்தப்பட்டது. குறிப்பிட்ட பயனாளர்கள், குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட இலக்குகளை எவ்வளவு பலனோடும் சிக்கனத்தோடும் திருப்தியோடும் அடைகிறார்கள் என்பதே அளவு. நேர்மையான வரையறைதான். யாருக்கு என்று சொல்லாமல் பயன்படுதன்மை என்று ஒன்று தனியாகக் கிடையாது என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் ‘குறிப்பிட்ட’ என்கிற சொல்லை நிரப்புகிறவர் யார் என்று அது சொல்லவில்லை. அதிகாரம் அந்தக் காலி இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

வினாத்தாள்களைப் பார்ப்போம். அதிகம் புழங்குவது ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய அளவுகோல். 10 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படிகளில் எவ்வளவு உடன்பாடு என்று குறிக்க வேண்டும். முடிவில் 0 முதல் 100க்குள் ஒரு மதிப்பெண் கிடைக்கும். அவசரத்துக்கு ஆன கரடுமுரடான அளவுகோல் என்று அவரே சொன்னார். அதிலிருந்த ஓர் ஆங்கிலச் சொல், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்குப் புரியவில்லை என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டிய பிறகு வேறு சொல்லைப் போட்டார்கள். அதாவது இருபது வருஷம், கருவி புரியவில்லையா கேள்வி புரியவில்லையா என்று தெரியாமலே மதிப்பெண் போட்டிருக்க வாய்ப்புண்டு.

மெய்நிகர்ச் சூழலில் தலைசுற்றல், குமட்டல் வருவதை அளக்கிற வினாத்தாள் 1993இல் கென்னடியும் மற்றவர்களும் தயாரித்தது. 16 அறிகுறிகள். அமெரிக்கக் கடற்படையின் விமான ஓட்டும் பயிற்சிக் கருவிகளிலிருந்து திரட்டிய தரவுகளே அதற்கு அடிப்படை. போர்விமானம் ஓட்டப் பொறுக்கி எடுக்கப்பட்ட உடம்புகளிடமிருந்து பிறந்த அளவுகோல் ரத்தசோகை உள்ள பெண்ணின் மயக்கத்தை எப்படி அளக்கும் என்று கேட்பது குதர்க்கம் அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஆய்வு பக்கத்து ஊரில் நடந்தது. 2012இல் நிக்கோலா டெல், இந்திராணி மேதி ஆகியோரும் சக ஆய்வாளர்களும் பெங்களூரில் 450 பேட்டிகள் எடுத்து ஒரு விஷயத்தைச் சோதித்தார்கள். ஒரே மாதிரியான இரண்டு பொருள்களைக் காட்டி, இதில் ஒன்று கேள்வி கேட்பவரே செய்தது என்கிற எண்ணத்தை ஏற்படுத்தினால் என்ன ஆகிறது? பதில் சொன்னவர்கள் அதையே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு. கேட்பவர் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிற வெளிநாட்டவர் என்றால் 5 மடங்கு. கேட்டவருடைய பொருளை வேண்டுமென்றே மட்டமாக்கிக் காட்டியபோதும் அதையே நல்லது என்றார்கள்.

இதை ‘நம்ம ஜனங்களின் பணிவு’ என்று படித்துவிடக் கூடாது. சட்டை மடிப்புக் கலையாத ஒருவர் அட்டையும் பேனாவுமாக எதிரில் வந்து ‘எப்படிங்க இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லாத்தான் இருக்குங்க’ என்று சொல்லி அனுப்புவது பிழைக்கத் தெரிந்தவர்களின் தற்காப்பு. மனு வாங்குகிற அதிகாரியிடம் பழகிய பதில். அந்தத் தற்காப்பு ஐந்தில் நாலு என்று மாறி, சராசரியாகி, ‘திருப்தி’ என்ற பெயரில் அறிக்கையில் ஏறிவிடுகிறது. மௌனத்தைச் சம்மதமாக வாசிக்கிற பழைய வேலைக்குப் புள்ளியியல் உடை.

6

அடுத்தது உடம்பு. கண்மணிகளுக்கு இடையிலுள்ள தூரம் ஆளுக்கு ஆள் மாறும். சராசரியில் பெண்களுக்குக் குறைவு. ஹெட்செட்டில் கண்ணாடிகளின் இடைவெளி அதற்குப் பொருந்தாவிட்டால் தலைசுற்றும். பெண்களுக்கு மெய்நிகர் கருவி ஒத்துக்கொள்வதில்லை, அது அவர்கள் இயற்கை என்று பல காலம் சொல்லிவந்தார்கள். 2020இல் கே ஸ்டானியும் சக ஆய்வாளர்களும் இந்த வித்தியாசத்துக்குப் பிரதான காரணம் இந்தப் பொருந்தாமைதான் என்று காட்டினார்கள். பொருந்தினால் வித்தியாசம் பெருமளவு மறைகிறது. ஆக, கருவியின் குறை பெண்ணின் இயற்கையாக எழுதப்பட்டிருந்தது. அதே ஆண்டில் டபிதா பெக் குழுவினர் மெய்நிகர் ஆய்வுகளை எண்ணிப் பார்த்து, பங்கேற்பாளர்களிலும் ஆய்வாளர்களிலும் பெண்கள் குறைவு என்று பதிவு செய்தார்கள். கேட்கப்படாதவர்களின் உடம்பு பிழையாகத் தெரிவதில் என்ன அதிசயம்?

கையை அடையாளம் காண்கிற மென்பொருள்களில் பரவலாகப் புழங்கும் கூகுளின் மீடியாபைப், ஒரு கைக்கு 21 புள்ளிகள் வைத்திருக்கிறது. மணிக்கட்டு ஒன்று, விரலுக்கு நான்கு. ஐந்து விரலும் முழுசாக உள்ள கை. ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பு 2019 முதல் வெளியிட்டுவரும் அறிக்கைகளைப் படித்துப் பாருங்கள். குருகிராம், மானேசர் பகுதி வாகன உதிரிபாக ஆலைகளில் பிரஸ் எந்திரத்துக்கு விரல்களைக் கொடுத்த தொழிலாளர்களின் கணக்கு அவற்றில் இருக்கிறது. ஒரு எந்திரம் விரலை எடுத்துக்கொள்கிறது. இன்னொரு எந்திரம் விரல் இல்லாத கையைக் கை என்று ஒப்புக்கொள்ளத் தடுமாறுகிறது. அந்த உதிரிபாகங்களையே செய்கிற பட்டறைகள் செங்கல்பட்டு வட்டாரத்திலும் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

குரலும் இதேதான். 2020இல் கோனெக்கி குழுவினர் ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்தார்கள். அமெரிக்க வெள்ளையர் பேச்சில் நூறு சொல்லுக்கு 19 பிழை, கறுப்பர் பேச்சில் 35. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இவ்வளவு தள்ளி நிற்கிற நம் மொழியில், எந்தச் சேரியின், எந்தக் குப்பத்தின் பேச்சு ‘தெளிவில்லை’ என்று ஒதுக்கப்படும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

நேரமும் ஓர் உடம்புப் பிரச்சினை. நீட்டிய கை கொஞ்ச நேரத்தில் கனக்கும். தொடுதிரைக்காரர்கள் இதற்கு எப்போதோ ‘கொரில்லாக் கை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். காற்றில் கைவீசுவதன் களைப்பை அளக்க 2014இல் ஒரு சூத்திரமும் வந்தது. ஆனால் பல சோதனைகள் அரைமணி, ஒரு மணியில் முடிந்துவிடுகின்றன. 2020இல் வந்த குவெஸ்ட் 2 ஹெட்செட்டின் எடை 503 கிராம். அதை எட்டு மணி நேர ஷிஃப்ட் முழுக்க நெற்றியில் சுமக்கப் போகிற தொழிலாளிக்கு அரைமணிச் சோதனையின் மதிப்பெண் என்ன சொல்லும்? ரூபாய்க்கு ஒரு தடவை சவாரி போகிற பொருட்காட்சி ராட்டினத்தையும் தினமும் போய்வருகிற பஸ்ஸையும் ஒரே வினாத்தாளால் அளக்கிற காரியம் இது.

இன்னொன்றும் உண்டு. உடம்பே இடைமுகம் என்றால் உடம்பே பதிவேடு. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020இல் 511 பேரை வைத்துப் பார்த்தபோது, ஆளுக்கு 5 நிமிஷத்துக்கும் குறைவான தலை, கை அசைவுப் பதிவிலிருந்தே 95 சதவீதம் பேரைச் சரியாக அடையாளம் கண்டது மென்பொருள். கைரேகை வைப்பதற்காவது மை வேண்டும். இங்கே சும்மா தலையைத் திருப்பினால் போதும்.

7

சரி, மாமல்லபுரத்துக்கு வருவோம். மெய்நிகர் வெளியில் சிற்பம் செய்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. ஆக்குலஸ் நிறுவனம் 2016இல் ‘மீடியம்’ என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 2019இல் அடோபி அதை வாங்கிக்கொண்டது. காற்றில் கையை ஓட்டினால் களிமண் போல உருவம் திரளும். வேண்டாம் என்றால் ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குப் போய்விடலாம். ஒரு கல்தச்சரைக் கூப்பிட்டு இதை மாட்டிவிட்டு ‘இயற்கையாக இருக்கிறதா’ என்று கேட்டால், எந்த அளவுகோலை வைத்து அவர் பதில் சொல்வார்?

அவருடைய தொழிலில் கல் ஒரு பேசாப் பொருள் அல்ல. தட்டினால் எழும் நாதத்தை வைத்துக் கல்லை வகை பிரிக்கிறது சிற்ப மரபு. உளி இறங்கும்போது வருகிற சத்தம் மாறினால் உள்ளே கீறல் இருக்கிறது. சுத்தியலின் எதிர்வீச்சு மணிக்கட்டில் ஏறி, அடுத்த அடி எவ்வளவு என்று சொல்லிக்கொடுக்கிறது. அவருக்கு இடைமுகம் என்பது கல் திருப்பிக் கொடுக்கிற எதிர்ப்பு. தவறினால் திரும்பப் பெற முடியாது என்கிற பயமும் அதில் சேர்த்தி. எதிர்ப்பு இல்லாததையே ‘இயற்கை’ என்று பெயர் சூட்டியிருக்கிற ஓர் அழகியல் அவர் முன்னால் வைக்கப்படுகிறது. தடையில்லாமல் ஓடுவதே நல்ல இடைமுகம் என்பது மூலதனம் தன்னைப் பற்றிக் காண்கிற கனவும்கூட.

இதைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துக் காலத்துப் பெருமையில் முடித்துக்கொள்ளக் கூடாது. பட்டறையில் இன்று உளியோடு கட்டரும் கிரைண்டரும் ஓடுகின்றன. கருங்கல் தூசி நுரையீரலைத் தின்கிறது. படிக்க வருகிற பையன் முதல் ஆறு மாதம் தூசியில்லாமல், கல் வீணாகாமல் கையைப் பழக்க ஒரு கருவி கிடைக்குமானால் அதை வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? சென்னை ஐ.ஐ.டி.யில் எம். மணிவண்ணன் தலைமையிலான தொடுபுலன் ஆய்வுக்கூடம், மருத்துவப் பயிற்சிக்காகத் தொட்டால் எதிர்த்து நிற்கிற மெய்நிகர்க் கருவிகளில் பல வருஷமாக வேலை செய்துவருகிறது. அறுவை மருத்துவரின் கைக்கு எதிர்ப்பு தேவை என்று ஒப்புக்கொள்கிற விஞ்ஞானம், கல்தச்சரின் கைக்கும் அது தேவை என்று எப்போது நினைக்கும்? எவருடைய திறன் திறனாகக் கணக்கில் எடுக்கப்படுகிறது என்பதுதான் இங்கே அரசியல்.

8

இப்படியெல்லாம் பேசினால் ஒரு பதில் தயாராக வரும்: ‘அப்படியானால் தமிழ்ப் பண்பாட்டுக்கு ஏற்ற சைகைகளைச் சேர்த்துவிடலாமே. கை கூப்பினால் திறக்கட்டும்.’ இந்தப் பொறியைப் பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ‘தமிழ்க் கை’ என்று ஒரே கை கிடையாது. கை கட்டி, வாய் பொத்தி, தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி நின்றதும் இதே மண்ணின் சைகைகள்தாம். எதிரே வருபவரைப் பார்த்ததும் தானாக ஒதுங்குகிற கால், தலைமுறைகளாக அடித்துப் பழக்கப்பட்ட கால். அதையும் ‘இயல்பு’ என்றுதான் ஊர் சொன்னது. மேற்கின் இயற்கைக்குப் பதிலாக உள்ளூர் ஆதிக்கத்தின் இயற்கையை எந்திரத்துக்குள் ஏற்றுவது விமர்சனம் ஆகாது.

ஓர் உதாரணம். மெடா நிறுவனத்தின் மெய்நிகர் உலகத்தில் பெண்களை நெருங்கித் தொல்லை கொடுக்கிறார்கள் என்று புகார்கள் எழுந்தபின், 2022 பிப்ரவரியில், ஒவ்வொரு உருவத்துக்கும் இடையே சுமார் நாலடி இடைவெளியைக் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் ‘நாலடி தள்ளி நில்’ என்பதற்கு வேறொரு வரலாறு இருக்கிறது. அதே நாலடி ஒரு பெண்ணுக்குப் பாதுகாப்பு. ஒரு தலித்துக்குப் பல நூற்றாண்டு அவமானம். தூரத்தில் இயற்கை எதுவும் இல்லை. தள்ளி நில் என்று சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் பொருள் இருக்கிறது. இடைமுகத்தை மதிப்பிடுகிறவர் அளவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

9

என்ன செய்யலாம்? கருவியை உடை என்று சொல்லவில்லை. மதிப்பீட்டைக் கைப்பற்ற வேண்டும் என்கிறேன். குறைந்தபட்சமாகச் சிலவற்றைக் கேட்கலாம்.

ஒன்று: ‘இயற்கையானது’ என்று எழுதும் ஒவ்வோர் அறிக்கையும் எத்தனை பேரிடம், எந்த உடம்புகளிடம், எந்தத் தொழில்காரர்களிடம் சோதிக்கப்பட்டது என்று சொல்லியாக வேண்டும். ஐந்து பேரை வைத்துப் பார்த்தால் 85 சதவீதக் குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் சொன்னது ரொம்பப் பிரபலம். அந்த ஐந்து பேரும் ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவர்களாக இருந்தால் வெளிப்படுவது அந்தக் கேன்டீனின் குறைகள் மட்டும்தான்.

இரண்டு: கருவியைச் செய்தவர் கேள்வி கேட்கக் கூடாது. கேள்வி பேச்சுத் தமிழில், கேட்கப்படுகிறவரின் பேச்சில் இருக்க வேண்டும். ‘நல்லாயிருக்கா’ என்பதைவிட ‘எங்க மாட்டிக்கிச்சு, எப்ப கழட்டி வைக்கணும்னு தோணுச்சு’ என்று கேட்பது பயன் தரும்.

மூன்று: அளவு அரைமணியாக இருக்கக் கூடாது, ஷிஃப்டாக இருக்க வேண்டும், வாரமாக இருக்க வேண்டும். கழுத்துவலியும் கைக்களைப்பும் மறுநாள் காலைத் தலைவலியும் தரவுதான்.

நான்கு: சோதனைக்கு உட்படும் உடம்புக்குக் கூலி வேண்டும். பதிவான அசைவுகள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ளவும், அழிக்கச் சொல்லவும், நடுவிலேயே கழற்றி வைத்துவிட்டு எழுந்து போகவும் உரிமை வேண்டும். மறுப்பையும் ஒரு முடிவாகப் பதிய வேண்டும். விடுபட்ட தரவு என்று நீக்கிவிடக் கூடாது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் பற்றிப் பேசுகிறது. வேலையைக் கையில் வைத்திருப்பவரிடம் கொடுக்கும் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்று தொழிற்சங்கங்கள்தான் கேட்க வேண்டும்.

இவற்றில் எதுவும் நடக்காத காரியம் அல்ல. சிறுசேரியில் உட்கார்ந்து பிறர் எழுதிய வரையறைக்கு ‘பாஸ்’, ‘ஃபெயில்’ போடுகிற ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் நம் வீட்டுப் பிள்ளைகள். பலர் கல்தச்சர், மீனவர், கூலிக்காரர் வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து அங்கே போனவர்கள். ஒரு கை எந்திரத்துக்குப் புரியாதபோது கையைத் திருத்து என்று எழுதுவதா, ‘எந்திரம் ஃபெயில்’ என்று எழுதுவதா என்கிற சின்ன இடம் அவர்கள் விரல் நுனியில் இருக்கிறது. அந்த இடத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பதற்கு அவர்களுக்கு ஒரு மொழி வேண்டும், ஒரு சங்கம் வேண்டும். மொழிக்கு எழுதுகிறவர்கள் பொறுப்பு. சங்கத்துக்கு எல்லோரும்.